ஏதென்ஸில் கட்டுரை, நூர்ஜஹான் அக்கா இடுப்பில் பிள்ளை

பிள்ளைகளைப் பெற்றவளிடமிருந்து பிரித்து, ஊருக்குப் பொதுவாக வைத்து வளர்த்தால்தான் ஒரு அரசு உருப்படும் என்று இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷங்களுக்கு முன்னால் ஒரு கிரேக்க ஞானி சொன்னார். அவர் சொன்னது சரிதான் என்று நிரூபிப்பதற்காக, என் பதினான்கு மாதப் பிள்ளையைச் சங்கரன்கோவிலில் விட்டுவிட்டு நான் ஏதென்ஸுக்குப் போய்வந்தேன். போக வர பதினோரு நாள்.

கட்டுரையைக் கல்யாணத்துக்கு முன்னால் எழுதினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அப்போது ஞானியின் யோசனை எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. எந்தத் தாய்க்கும் தன் பிள்ளை எது என்று தெரியக் கூடாது, எந்தப் பிள்ளைக்கும் தன் தாய் யார் என்று தெரியக் கூடாது; அப்போதுதான் எல்லோரும் எல்லோரையும் நேசிப்பார்கள். அவருடைய சீடர் மட்டும் இதை மறுத்தார். எல்லோருக்கும் சொந்தமானதை ஒருவரும் சரியாகக் கவனிக்க மாட்டார்கள் என்பது சீடர் கட்சி. நான் சீடரை எட்டுப் பக்கத்தில் தோற்கடித்திருந்தேன்.

ஏதென்ஸுக்குப் போக வேண்டியவர் உண்மையில் ஞானமுத்து சார். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி அவர்தான். கிரேக்க அரசியல் சிந்தனையில் முப்பது வருஷ அனுபவம். முதல் பருவத்தில் ஞானி, இரண்டாம் பருவத்தில் சீடர், மூன்றாம் பருவத்தில் இருவரையும் ஒப்பிடுக. கிரேக்க இலக்கணப் புத்தகம் ஒன்று பழுப்பு அட்டை போட்டு அவருடைய கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை, அவர் உட்பட. கட்டுரையின் தலைப்புக்குக் கீழே முதலில் அவர் பெயர், அடுத்து என் பெயர். அழைப்பு வந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"முப்பது வருஷமா என் மனசுக்குள்ள ஒரு ஏதென்ஸ் இருக்கும்மா. அதை நேர்ல போய்க் கெடுத்துக்க நான் தயாரா இல்ல. நீ போய் வாசிச்சிட்டு வா. உன் ஆய்வேடும் நகரும்."

ஆடித்தபசுத் திருவிழா ராட்டினத்தில்கூட ஏறாத மனிதர் விமானத்தில் எப்படி ஏறுவார் என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஞானி பாடம் சொன்ன பள்ளிக்கூடம் இருந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவர வேண்டும். எங்கள் ஊர்க் கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணைப் பற்றி வகுப்புக்கு வகுப்பு கேலி பேசியவர் அவர். இது வேறு, இது வரலாறு என்றார்.

போகலாமா, வேண்டாமா என்று நான் பத்து நாள் யோசித்தேன். என் கணவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். போ என்று முதல் நாளே சொல்லிவிட்டார். போ என்று அவ்வளவு சீக்கிரம் சொன்னதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இரு வீட்டுப் பெரியவர்களும் தூரத்து ஊர்களில் வேலையோடு இருந்தார்கள். பகலில் பிள்ளையைப் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவும் எதிர்வீட்டுச் செல்லம்மா மதினியும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. நூர்ஜஹான் அக்கா கடையநல்லூரிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்தவர், கணவர் வளைகுடாவில். செல்லம்மா மதினிக்குக் கோயில் வாசலில் பூக்கடை. ஒரு கிறிஸ்தவப் பிள்ளையை ஒரு முஸ்லிம் வீடும் ஒரு பூக்கடையும் பங்குபோட்டு வளர்ப்பது ஞானிக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

எனக்குத் தூக்கம் வராமல் அடித்தது செல்லம்மா மதினி வாய்தவறிச் சொன்ன ஒரு வார்த்தைதான்.

"பத்து நாளு கண்ணுல காங்கலன்னா இந்த வயசுப் பிள்ளைக்கு மொகம் மறந்துரும் டீச்சர்."

நான் போவது பதினோரு நாள்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் வேப்பெண்ணெய் தடவிப் பாலை மறக்கடித்தேன். என் பிள்ளை ஜெசி இரண்டு நாள் என்னை நம்ப முடியாதவள்போலப் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து நாலு பக்கத்துக்கு விதிகள் எழுதினேன். தண்ணீர் கொதிக்க வைத்துத்தான் தர வேண்டும். கருப்பட்டி மிட்டாய், பணியாரம் கூடாது. முகத்தில் முத்தம் கூடாது. கோயில் யானைக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. அழுதால் முதலில் எதைப் பார்ப்பது, இரண்டாவது எதைப் பார்ப்பது. ஞானிகூட ஒரு நாட்டுக்கு இவ்வளவு விரிவாக எழுதவில்லை. என் கணவர் கவனமாகப் படித்து, பதினொன்றாவது விதிக்கு அடுத்தது பதின்மூன்று என்று போட்டிருக்கிறாய் என்று திருத்திக்கொடுத்து, காலண்டர் ஆணியில் மாட்டினார்.

புறப்பட்ட அன்று காலை பஸ் ஏறும்போது பிள்ளை அழவில்லை. நூர்ஜஹான் அக்கா இடுப்பில் இருந்துகொண்டு என் பையையே பார்த்தாள். நான் தினமும் கல்லூரிக்குக் கொண்டுபோகும் பழுப்புத் தோள்பை. செல்லம்மா மதினி ஓடிவந்து அந்தப் பைக்குள் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். புற்றுமண். "ஒங்க சாமி ஒண்ணும் சொல்லாது, வச்சிக்கிடுங்க" என்றார். மறுக்கத் தோன்றவில்லை. தென்காசி தாண்டுகிற வரைக்கும் அதைத் தூக்கிப் போடலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். வைத்துக்கொண்டேன்.

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்கு விமானம். உள்ளே ஏறினால் தென்காசி பஸ்ஸில் ஏறியது மாதிரி இருந்தது. முக்கால்வாசிப் பேர் நம் பக்கத்து ஆட்கள். நான் பேனா வைத்திருப்பதைப் பார்த்துவிட்டார்கள். இறங்கும்போது கொடுக்க வேண்டிய அட்டைகளை அடுத்த ஒரு மணி நேரம் நான்தான் பூர்த்தி செய்தேன். பக்கத்து இருக்கையில் கடையநல்லூர்க்காரர் ஒருவர், எலக்ட்ரீஷியன். எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று விசாரித்தார். கட்டுரை வாசிக்கப் போகிறேன் என்றேன்.

"கட்டுரைல என்ன எழுதியிருக்கிய?"

பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து வளர்ப்பது நல்லதா என்பது பற்றி என்று, முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். அவர் சீட்டுப் பட்டையை அவிழ்த்தார், திரும்ப மாட்டினார்.

"இதுக்கு ஏன் அம்புட்டுத் தூரம் போறிய? எங்க தெருவுல வந்து கேட்டா சொல்லுவாவளே. எம் பயலுக்கு ஆறு வயசு. ரெண்டு மட்டந்தான் பாத்திருக்கேன். போன மட்டம் போனப்ப என்னய மாமாங்கான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருடைய அட்டையில் பிறந்த ஊர் என்ற இடத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

வளைகுடா விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கொண்டுபோன எலுமிச்சம் சாதத்தை ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு பெண் கையால் பிசைந்து சாப்பிடுவதை இரண்டு ஐரோப்பியக் குழந்தைகள் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தன. ஜெசிக்கு இப்போது மதிய உறக்க நேரம். விசைத்தறிச் சத்தம் கேட்டால்தான் உறங்குவாள். அன்று மின்வெட்டு இருந்தால் என்ன செய்வார்கள் என்பதை விதிகளில் எழுதாமல் விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இரண்டாம் நாள் ஏதென்ஸ். சுங்கச் சோதனையில் என் தோள்பையைத் திறந்தார்கள். எள்ளுப்பொடியை முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு, அதிகாரி அடுத்த பொட்டலத்தைப் பிரித்தார்.

இது என்ன என்றார். மண் என்றேன். என்ன மண்? எங்கள் ஊர் மண். கிரேக்க நாட்டில் மண் இல்லை என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டார். மருந்து என்றேன். எதற்கு மருந்து என்றார். எல்லாவற்றுக்கும் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள், ஒரு அயல்நாட்டு அதிகாரி முன்னால் புற்றுமண்ணுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் என் கடவுச்சீட்டைப் பார்த்தார். அதில் பிள்ளையின் பெயரும் எழுதியிருந்தது. குழந்தை எங்கே என்று கேட்டார். ஊரில் என்றேன். அவர் பொட்டலத்தை மடித்துக் கையில் கொடுத்தார். பாவம் என்கிற மாதிரி ஒரு பார்வை. ஊரில் துக்க வீட்டு வாசலில் பார்ப்பார்களே, அது.

தங்கிய விடுதியை நடத்தியவர் எலேனி என்ற அம்மாள். அறுபது வயதிருக்கும், கறுப்பு உடை, மூட்டு வலி. அவருக்கு ஆங்கிலத்தில் முப்பது வார்த்தை தெரியும். கடவுச்சீட்டில் பிள்ளையின் பெயரைப் பார்த்துவிட்டு, அதில் முதல் நாலைச் செலவழித்து, குழந்தையை யார் பார்க்கிறார் என்று கேட்டார். ஏதென்ஸில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர் யாருமில்லை. சாப்பாடு பரவாயில்லை. தயிர் கத்தியால் வெட்டுகிற அளவுக்குக் கெட்டி. நாவல்பழம் என்று நினைத்து ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். உப்பும் கசப்புமாக ஆலிவ்காய் ஊறுகாய். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான் திணறியதைப் பார்த்து எலேனி அம்மாள் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே நடப்பதைப் பார்த்து, கொஞ்சம் புற்றுமண்ணைக் குழைத்துக் கொடுத்தேன். அவர் அவருடைய தேவாலயத்து எண்ணெயில் ஒரு சொட்டை என் நெற்றியில் வைத்தார். எங்கள் இரண்டு பேருடைய போதகர்களும் பார்க்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மூன்றாம் நாள் மாநாடு தொடங்கியது. இருபத்திரண்டு அறிஞர்கள், நானும் நோட்டுப்புத்தகத்தோடு ஒரு ஜப்பானியப் பெண்ணும் தவிர எல்லோரும் ஆண்கள். சிகரெட் புகையில் மேடையில் பேசுகிறவரின் கால் மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது. காலை முழுவதும் குடும்பம் என்ற அமைப்பைப் பற்றிப் பேசினார்கள். பண்டைய குடும்பத்தில் கணவன், மனைவி, அடிமை, எருது என்ற வரிசையில் எருதுக்கு நாற்பது நிமிஷம் ஒதுக்கப்பட்டது.

பொதுக் குழந்தை வளர்ப்பை ஆதரித்து மிகவும் உருக்கமாகப் பேசியவர் ஒரு சிவந்த மூக்குக்காரர். மதியச் சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். உங்கள் குழந்தையை யாரிடம் விட்டு வந்தீர்கள் என்றார். சொன்னேன். உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று மரியாதைக்குக் கேட்டேன். நாலு என்றார். யாரிடம் விட்டு வந்தீர்கள் என்றேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்து, முதன்முறையாக இதை யோசிப்பவர்போல யோசித்து, வீட்டில்தான் என்றார். எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. இரண்டு பேருக்கு மட்டும்தான் அவரால் பதில் சொல்ல முடிந்தது.

நாலாம் நாள் பதினோரு மணிக்கு என் கட்டுரை. பஸ் நிறுத்தத்தில் வந்து நின்ற வண்டியின் ஓட்டுநரிடம் மாநாட்டு முகவரி எழுதிய காகிதத்தைக் காட்டினேன். அவர் புருவத்தை உயர்த்தித் தலையை மேலே தூக்கினார். நம்மூர்க் கண்டக்டர் தலையை அப்படித் தூக்கினால் ஏறு, போகும் என்று அர்த்தம். ஏறினேன். கதவு சாத்திக்கொண்டது. ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்து மறுபடியும் தலையைத் தூக்கினார். நான் நன்றியோடு தலையாட்டினேன். முக்கால் மணி நேரம் கழித்து ஜன்னலில் கப்பல்கள் தெரிந்தபோதுதான், அந்த ஊரில் அப்படித் தலையைத் தூக்கினால் இல்லை என்று பொருள் எனப் பக்கத்தில் இருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் விளக்கினார். ஞானியும் ஒரு கொடுங்கோலனுக்கு நல்லாட்சி சொல்லிக்கொடுக்க இதே துறைமுகத்திலிருந்துதான் மூன்று முறை கப்பல் ஏறினார். மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பினார். அவரும் யாருடைய தலையாட்டலையோ தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் முன் இருக்கையில் ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். குழந்தை அழ ஆரம்பித்தது. பசி அழுகை, அதற்கு மொழி கிடையாது. இரண்டரை வாரத்துக்கு முன் மறக்கடித்த பால் எனக்குச் சுரந்துவிட்டது. ரவிக்கை நனைவதை உணர்ந்து, கையிலிருந்த கட்டுரையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று. யாருடைய பிள்ளை என்று என் உடம்பு கேட்கவில்லை. ஞானி ஜெயித்துவிட்டாரே என்று நினைத்தேன். என் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும். எந்த மடி கிடைத்தாலும் போதும் என்று இருக்கும். கட்டுரை சரியாக இருப்பது அன்றைக்குப்போல என்றும் எனக்குப் பயம் தந்ததில்லை.

போய்ச் சேரும்போது என் நேரம் முடிந்திருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பேர் கண்ணயர்கிற நேரத்தில் வாய்ப்புக் கொடுத்தார்கள். மேடையில் நின்று காகிதத்தைப் பிரித்தால் முதல் பக்கம் நனைந்து சுருங்கியிருந்தது. நான் தட்டச்சு செய்த வரிகள் அப்படியே இருந்தன. ஞானமுத்து சார் மைப்பேனாவால் ஓரத்தில் எழுதிச் சேர்த்திருந்த திருத்தங்கள் மட்டும் நீலமாகக் கரைந்து போயிருந்தன. தாய்ப்பாசம் என்பது வெறும் பழக்கமே என்று அங்கே அவர் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார். ஞாபகத்திலிருந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது சாருக்குச் செய்த துரோகமா என்று இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன்.

மீதியை வாசித்தேன். இரண்டாம் பகுதி, ஊர் நன்மைக்காக ஆள்பவர்கள் ஒரு நல்ல பொய் சொல்லலாம் என்று ஞானி கொடுத்த அனுமதியைப் பற்றியது. அதையும் நியாயப்படுத்தியிருந்தேன். முடித்ததும் சிவந்த மூக்குக்காரர் எழுந்தார். இந்த யோசனை உலகத்தில் எங்காவது நடைமுறையில் இருந்ததுண்டா, ஆதாரம் உண்டா என்று கேட்டார். புத்தகப் பட்டியலில் நான் தயாராக வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. வாயில் வந்தது வேறு.

"எங்கள் தெருவில் நாலு நாளாக நடந்துகொண்டிருக்கிறது. முடிவு நான் ஊருக்குப் போனால்தான் தெரியும்."

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துச் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. தலைமை தாங்கிய இங்கிலாந்துப் பெரியவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு, முடிவு தெரிந்ததும் எழுதி அனுப்புங்கள், அடிக்குறிப்பாகச் சேர்த்துவிடலாம் என்றார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிறு. ஊர் நேரம் நாலு மணிக்கு எங்கள் தெருமுனைப் பருத்தி மண்டிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவதாக ஏற்பாடு. தந்தி அலுவலகத்தில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் அனுப்பினார்கள். எங்கள் தெருவே காதுக்குள் விழுந்தது. தறிச் சத்தம், சைக்கிள் மணி, எல்லோரும் ஒரே நேரத்தில். என் கணவர் நல்லாருக்கா என்று மூன்று தடவை சொல்வதற்குள் நூர்ஜஹான் அக்கா கருவியை வாங்கிவிட்டார். காய்ச்சல் உண்டா என்றேன். இல்லை. சாப்பிடுகிறாளா? பணியாரம் தின்கிறாள், யானையைப் பார்த்து வாழைப்பழம் கொடுத்தாள். ஆறாம் விதியும் ஒன்பதாம் விதியும் போயின. என்னைத் தேடுகிறாளா என்று கேட்டேன்.

"தேடாம இருப்பாளா டீச்சர்" என்றார் அக்கா. ஆனால் அது தேடுகிற பிள்ளையைப் பற்றிச் சொல்கிற குரல் இல்லை.

"நடக்காளாக்கா?"

"இன்னும் இல்ல. நீங்க வந்த பொறவுதான் நடப்பா."

பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள் என்றேன். கருவியை அவள் வாயருகே வைத்துப் பேச வைக்க ஏழெட்டுப் பேர் முயற்சி செய்தார்கள். அம்மா சொல்லு, அம்மா சொல்லு என்று தெரு முழுவதும் எனக்குச் சொன்னது. பிள்ளை சொல்லவில்லை. சிரிக்கா, சிரிக்கா என்றார்கள். சிரிப்பு கம்பியில் வராது. நேரம் முடிந்தது என்று யாரோ கிரேக்கத்தில் சொல்லித் துண்டித்தார்கள்.

அடுத்த மூன்று நாள் மாநாடு நடந்தது. நானும் உட்கார்ந்திருந்தேன். வேறு சொல்வதற்கு இல்லை.

ஒன்பதாம் நாள் சாருக்கு மண் எடுக்கப் போனேன். ஞானியின் பள்ளிக்கூடம் இருந்த இடம் என்று சொன்னார்கள். தூண், மண்டபம் என்று கற்பனை செய்துகொண்டு போனால், பழைய வீடுகளுக்கு நடுவில் ஒரு பொட்டல். சில கற்கள், ஒரு நாய், பந்து விளையாடுகிற பிள்ளைகள். ஒரு பெண் கொடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் குனிந்து மண் அள்ளுவதைப் பார்த்து அவள் வேலையை நிறுத்தினாள். கையில் கிடைத்த காகிதத்தில் மடித்துக் கட்டி, தோள்பையில் புற்றுமண்ணுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாரின் மனசுக்குள் இருக்கும் ஏதென்ஸைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக, போர்வையைப் பற்றி அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

திரும்பும் வழியில் ஒரு விமான நிலையத்தில் இரண்டு பொட்டலங்களையும் ஒரே தட்டில் அருகருகே பிரித்துக் கொட்டி, ஊசி விட்டுக் குத்திப் பார்த்து, மறுபடி மடித்துக் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே பழுப்பு. எதை எந்தக் காகிதத்தில் மடித்தார்கள் என்று தெரியவில்லை. உத்தேசமாக ஒன்றைச் சாருக்கும் மிச்சத்தைச் செல்லம்மா மதினிக்கும் என்று ஒதுக்கினேன். இன்றைக்குச் சாரின் கண்ணாடி அலமாரியில், கிரேக்க இலக்கணத்துக்குப் பக்கத்தில், ஒரு குப்பிக்குள் அது பத்திரமாக இருக்கிறது. மாணவர்களை எழுந்து நின்று பார்க்கச் சொல்கிறார். மதினி மிச்சத்தைத் தெருவில் சொறி சிரங்கு வந்தவர்களுக்குப் பூசி, இந்தத் தடவை மண்ணுக்கு நல்ல வேகம் என்றார். இருவரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தேன். தூரத்திலேயே தெரிந்தது: நூர்ஜஹான் அக்கா இடுப்பில், கையில் கருப்பட்டி மிட்டாயோடு. சுற்றிலும் ஏழெட்டுப் பேர். யாரு வந்திருக்கா பாரு என்று செல்லம்மா மதினி ஆரம்பித்தார். சொல்லிக்கொடுக்காதீங்க மதினி, அவளே பார்க்கட்டும் என்றேன். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. பெற்ற பிள்ளையைப் பதினோரு நாள் கழித்துப் பார்க்கிறவள், பரிசோதனை கெட்டுவிடக் கூடாதே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஜெசி என்னைப் பார்த்தாள். சிரித்தாள். தபால்காரருக்குச் சிரிக்கிற சிரிப்பு. அப்புறம் மிட்டாயைப் பார்த்தாள்.

தூரப் பயணம், முகமெல்லாம் கறுத்துப்போச்சு, அதான் பிள்ளைக்கு ஆளு அடையாளம் மட்டுப்படல என்றார் மதினி. உள்ளே போய் உட்கார்ந்தேன். காலண்டர் ஆணியில் என் விதிகளில் முதல் பக்கம் மட்டும் இருந்தது. மற்ற மூன்றும் எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்குக் காப்பி கொடுத்தார்கள், என் வீட்டில் எனக்கு. பிள்ளை மடி மடியாக மாறிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. எனக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. கைநீட்டினால் வந்தாள், இறக்கிவிட்டால் போனாள். உடம்பு தேறியிருந்தது. இரண்டு பல் புதிதாக முளைத்திருந்தது. குறை சொல்ல ஒரு இடம் இல்லை. ஞானி கனவு கண்ட குடிமகள் இவள்தான். கடையநல்லூர்க்காரரை நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாருக்கு மண்ணைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று எழுந்தேன். வீட்டில் இருக்க முடியாமல்தான் எழுந்தேன். சுவரோரம் கிடந்த பழுப்புத் தோள்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினேன். நூர்ஜஹான் அக்கா மடியிலிருந்து பிள்ளை இறங்கி நின்றிருந்தாள். மிட்டாய் கீழே கிடந்தது. முகம் சிவந்து கோணியது. நடந்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து அடி.

"ஏ, நடக்கா. இன்னைக்குத்தான் நடக்கா" என்று செல்லம்மா மதினி கூவினார். எல்லோரும் ஒரே குரலில் ஆச்சரியப்பட்டார்கள். கொஞ்சம் நன்றாகவே ஒத்திகை பார்த்த ஆச்சரியம். நூர்ஜஹான் அக்காவின் கடைசி மகளுக்கு மட்டும் யாரும் சொல்லி வைக்க மறந்துவிட்டார்கள்.

"யம்மா, நேத்து கோயில் வாசல் வரைக்கும் நடந்தாள்லா?"

அக்கா அவள் வாயைப் பொத்தினார். நீங்க வந்து மொத அடியப் பாக்கணும்னுதான் டீச்சர் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ஊர் நன்மைக்கான பொய். இரண்டாம் பகுதியில் நான் எழுதியதுதான். யாருக்கும் பாடம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதற்குள் பிள்ளை என்னிடம் வந்து சேர்ந்து, பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். கன்னத்தில் ஒரு அடி விழுந்தது. பதினான்கு மாதக் கைக்கு இவ்வளவு பலம் உண்டா என்று தோன்றுகிற அடி. அப்புறம்தான் அழுதாள். பதினோரு நாள் அழுகையையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்து, உரிய ஆளிடம் ஒப்படைக்கிறவள்போல அழுதாள். என் முகத்தை அவள் மறந்திருக்கலாம். நான் கிளம்புவது அவளுக்கு மறக்கவில்லை.

"அல்லா, இத்தன நாளா ஒருத்தரயும் இவ கை நீட்டி அடிக்கல டீச்சர்" என்றார் நூர்ஜஹான் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்புட்டுப் பேத்துக்கும் சிரிப்பு. ஒங்களுக்கு மட்டுந்தான் அடி."

முடிவை எழுதி அனுப்பச் சொன்ன பெரியவர் ஞாபகம் வந்தது. பையோடு தரையில் உட்கார்ந்து, மனசுக்குள் வாக்கியம் அமைக்கத் தொடங்கினேன்: மேற்படி தெருவில் ஞானியின் திட்டம் பதினோரு நாள் எந்தக் குறையுமின்றி நடைபெற்றது; பன்னிரண்டு மணி அளவில் சீடரின் தரப்பில்...

வாக்கியம் முடிவதற்குள் அடுத்த அடிக்குக் கை ஓங்கினாள். மறு கன்னத்தையும் காட்டினேன். ஞாயிறு பள்ளியில் சொல்லித்தந்ததை இவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் செய்ததில்லை.